ஆறு வாரக் குழந்தைக்கு ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் பீளை கட்டுகிறது. வீட்டில் தாய்ப்பால் விடச் சொல்கிறார்கள், விடலாமா?

விட வேண்டாம். தாய்ப்பால் கிருமியே இல்லாத திரவம் இல்லை, அதோடு ஏற்கெனவே நீர் வடிய வழியில்லாத கண்ணில் இன்னொன்றை ஊற்றினால் அடைப்பு திறந்துவிடப் போவதும் இல்லை. அதே காரணத்துக்காக மை, விளக்கெண்ணெய் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிடுங்கள்.

முதலில் வெளிச்சத்தில் வைத்து வெள்ளை விழியைப் பாருங்கள். அது வெள்ளையாகவே இருந்து, இமை வீங்காமல், தூங்கி எழும்போது மட்டும் இமைமயிர் ஒட்டிக்கொண்டு, மற்ற நேரம் கண் ஈரமாகத் ததும்பிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் கண்ணீர்க் குழாய் அடைப்புதான். கண்ணீர் உள்மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் கண்ணீர்ப்பைக்குப் போய் அங்கிருந்து மூக்குக்குள் இறங்க வேண்டும் (அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான்). அந்தக் குழாயின் கீழ்முனையில் ஒரு மெல்லிய சவ்வு சில குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் மூடியே இருக்கும், தேங்கின நீரில் கிருமி சேர்ந்து பீளையாகிறது. 100 குழந்தைகளில் 90க்கு மேல் ஒரு வயதுக்குள் தானாகவே திறந்துவிடும்.

என் மகனுக்கும் இதேதான், இடது கண். சொட்டு மருந்து கேட்டுப் போன எங்களிடம் டாக்டர், "முதல்ல நகத்தை வெட்டுங்க, அப்புறம் சொல்லித் தர்றேன்" என்றார். கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஆள்காட்டி விரலைக் கண்ணின் உள்மூலைக்கும் மூக்குக்கும் நடுவில் எலும்பு மேல் வைத்து, அழுத்தியபடியே மூக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. தோலை மட்டும் தடவிவிடுவதில் பலன் இல்லை, கொஞ்சம் அழுத்தம் வேண்டும், ஆனால் கண் உருண்டை மேல் விரல் படக்கூடாது. அழுத்தும்போது உள்மூலையில் மஞ்சளாக நூல் மாதிரி ஒன்று வெளியே வரும், பயப்படாதீர்கள், தேங்கிக் கிடந்ததுதான் வருகிறது. பால் கொடுத்துக்கொண்டே செய்தால் குழந்தை அதிகம் முரண்டு பிடிக்காது.

துடைப்பதற்குக் கொதிக்க வைத்து ஆறின தண்ணீரும் பஞ்சும் போதும். உள்மூலையிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே துடைப்பு, அந்தப் பஞ்சைப் போட்டுவிட்டு அடுத்தது. புடவைத் தலைப்பால் துடைக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்து கிருமியைத்தான் குறைக்கும், சவ்வைத் திறக்காது. அதனால்தான் நிறுத்தினதும் பீளை திரும்பி வருகிறது. பீளை கெட்டியாகிப் பச்சையாக மாறினால் டாக்டர் எழுதித் தருவார், சரி, போடுங்கள். வீட்டில் பெரியவர்கள் போட்டு மிச்சம் வைத்த சொட்டு மருந்தை மட்டும் தொடாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. பிறந்து முதல் 28 நாளுக்குள் கண் சிவந்து பீளை வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கிருமிகளில் கொனோரியா (உடலுறவு வழியாகப் பரவும் தொற்று) மாதிரி ஒன்று கருவிழியையே துளைத்துவிடக்கூடியது, அதற்குச் சொட்டு மருந்து போதாது, ஊசி போட வேண்டும், அப்பா அம்மா இருவருக்கும் சிகிச்சை உண்டு. எந்த வயதானாலும் உள்மூலையில் நீலமாகவோ சிவப்பாகவோ புடைப்பு, இமை வீக்கம், காய்ச்சல் இருந்தாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்வது, கருவிழி மங்கலாகவோ பெரிதாகவோ தெரிவது கண் அழுத்த நோயாக இருக்கலாம், அதற்கு நேராகக் கண் டாக்டர்.

ஒரு வயது தாண்டியும் வடிந்துகொண்டே இருந்தால் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு சவ்வைத் திறந்துவிடுவார்கள். சில நிமிட வேலை, தையல் கிடையாது, பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். என் மகனுக்கு அதுவரை போகவில்லை, எட்டாவது மாதத்தில் நின்றுவிட்டது. நடுவில் சளி பிடித்தபோதெல்லாம் கூடிக்கூடிக் குறைந்தது, உங்களுக்கும் அப்படி ஆனால் மசாஜை நிறுத்திவிடாதீர்கள்.