அலகில் இருக்கும் வருடம்

கேள்வி: பத்து வருடமாகக் கூர்க்காப் படையின் வளைந்த கத்திகளான குக்ரிகளைச் சேகரிக்கிறேன், டேராடூனில் வேலை. 1917, 1943 என்று முத்திரை உள்ள இரண்டை லண்டன் நண்பருக்கு விற்று, 'நினைவுப் பொருள், ரூ. 800' என எழுதிக் கூரியரில் அனுப்பினேன். சுங்கத்துறை பிடித்துவைத்துச் சம்மன் அனுப்பியிருக்கிறது. கூரியர்காரர் கைகழுவிவிட்டார். நண்பரோ என்னை மோசடிக்காரன் என்று எல்லோரிடமும் சொல்கிறார். அவர்மேல் வழக்குப் போடலாமா? குக்ரிகள் திரும்பக் கிடைக்குமா?

பதில்: நட்பு முறிந்த கதையும் கூரியர்காரர் கதையும் இருக்கட்டும். சட்டம் பார்ப்பது அலகில் இருக்கும் வருடத்தை. நூறு வருடம் தாண்டியது 1972-ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. மீறினால் குறைந்தது ஆறு மாதம், கூடினால் மூன்று வருடம் சிறை, அபராதம் வேறு. 1917 குக்ரியை மறந்துவிடுங்கள். 1943-க்கு மட்டும், தொல்பொருள் இல்லை என்று தொல்லியல் துறைச் சான்றிதழ் கேட்டுப் போராடிப் பார்க்கலாம்.

எனக்குப் பயம் சம்மன் நாளை நினைத்துத்தான். நான் பார்த்த கட்சிக்காரர்கள் பலர் அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும், "டூப்ளிகேட் சார், கடைத்தெருவில் வாங்கினது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். வாங்குபவருக்கு 'முதல் உலகப் போர்க் காலத்து அசல்' என்று மெயில் போட்டதும், முத்திரையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பியதும் அதே கைதான். சுங்கச் சட்டம் 108-ஆம் பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் போலீஸில் சொல்வதைப் போல லேசில் உதிர்ந்துபோகாது, கோர்ட்டில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். விவரம் தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்று கேட்க இருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அந்தப் பொய்யோடு போகும். அந்த 800 ரூபாய் பில்லே பாதி வேலையை முடித்துவிட்டது. மலைநாட்டு வீடுகளில் விறகு வெட்டும் கத்திதானே என்றும் சிலர் வாதாடுவார்கள். வீட்டு உபயோகக் கத்திக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு, சரி. ஒன்பது அங்குலத்துக்கு மேல் அலகுள்ளதை 'ராணுவக் குக்ரி' என்று விலை பேசியவர் அதை எந்த வாயால் கேட்பது? போனிலிருந்து மெயிலை அழிக்கவும் வேண்டாம், லண்டனில் ஒரு பிரதி இருக்கிறது.

அதனால் நண்பர்மேல் வழக்கு என்ற பேச்சே வேண்டாம். போட்டால் அந்த மெயில்களை நீங்களே கோர்ட்டில் கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. வாங்கிய பணத்தை வங்கி வழியாக முழுசாகத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் சுங்க வழக்கு நடத்திப் பழகிய வக்கீலைப் பார்த்துவிட்டுச் சம்மனுக்குப் போங்கள். அதுவரை பழைய நண்பர்தானே என்று வாட்ஸ்அப்பில் நீளமாக விளக்கம் எழுதாதீர்கள்.