கலிபோர்னியாவில் வேலை போனால் வேலையிழப்புக் காப்பீட்டுத் தொகை (unemployment insurance) வாரத்துக்கு எவ்வளவு, எத்தனை வாரம் கிடைக்கும்?

கேள்வி கலிபோர்னியாவைப் பற்றி என்பதால் அங்குள்ள கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு.

முதலில், 26 வாரமும் வரும் என்று நம்பி வாடகைக்குத் திட்டம் போடாதீர்கள். அது உச்சவரம்புதான்.

கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து இந்தத் தொகையைக் கணக்கிடுவதில்லை. க்ளெயிம் (இந்தத் தொகை கேட்டுப் போடும் விண்ணப்பம்) தொடங்கும் காலாண்டையும் அதற்கு முந்தைய காலாண்டையும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய நான்கு காலாண்டுகளைத்தான் பார்ப்பார்கள். அவற்றில் அதிகம் சம்பாதித்த காலாண்டின் தொகையை, பிடித்தத்துக்கு முந்தையதை, 26ஆல் வகுத்தால் வாரத் தொகை வந்துவிடும். மிகக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு மட்டும் இது சற்று மாறும். குறைந்தது 40 டாலர், அதிகபட்சம் 450. இந்த 450 என்பது 2005இல் வைத்த வரம்பு. வாடகை எங்கோ போய்விட்டது, இது மட்டும் அப்படியே நிற்பது அநியாயம்.

எத்தனை வாரம் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. வாரத் தொகையின் 26 மடங்கு, நான்கு காலாண்டுச் சம்பளத்தில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுதான் மொத்தம்.

என் மைத்துனர் ஜூலையில் ஒரு கிடங்கில் சேர்ந்தார். ஜூலை முதல் செப்டம்பர் வரை 4,900 டாலர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை 9,100. மார்ச் கடைசியில் ஆட்குறைப்பில் வேலை போனது. உடனே போட்டிருந்தால் அந்த 9,100 கணக்கிலேயே வந்திருக்காது. வாரம் 189 வீதம் மொத்தமே 2,450 டாலர்தான். சில நாள் பொறுத்து, அடுத்த காலாண்டு தொடங்கும் ஏப்ரலில் போடச் சொன்னேன். வாரம் 350, மொத்தம் 7,000, அதாவது 20 வாரம்.

அதற்காக மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், போன வாரங்களுக்குப் பணம் வராது. முதல் வாரம் எப்படியும் காத்திருப்பு வாரம், அதற்கும் இல்லை.

இடையில் சின்ன வேலை கிடைத்தால் தயங்காமல் போங்கள், ஆனால் வாங்கியதை மறைக்காமல் எழுதுங்கள். வாரத்தில் 200 டாலர் சம்பாதித்தால் அதில் கால்வாசியை விட்டுவிட்டு 150ஐத்தான் கழிப்பார்கள். அந்த 150 உங்கள் கணக்கிலேயே இருக்கும், க்ளெயிமின் ஓராண்டுக்குள் பின்னால் வாங்கிக்கொள்ளலாம்.

கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம். உங்களை வைத்து வேலை வாங்கிய முதலாளி இதற்காகவே வரி கட்டியிருக்கிறார்.