காபன் வரி யார் தலையில்?

கேள்வி: பெற்றோல், டீசலுக்குக் காபன் வரி போட்டால் புகை குறையும் என்கிறார்கள். முச்சக்கர வண்டி ஓட்டிப் பிழைக்கிற எங்கள் வயிற்றில் அடிப்பதுதானே இது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனாலும் ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வெளியே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது, அதற்கு யாராவது விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த விலைதான் காபன் வரி.

யார் கொடுப்பது, வசூலித்த காசு எங்கே போகிறது என்பதில்தான் சண்டையே. 2018இல் பிரான்சில் மஞ்சள் அங்கி போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தது, பஸ், ரயில் குறைந்த ஊர்களில் காரை விட்டால் வேறு வழியில்லாத சனத்தின் மேல் எரிபொருள் வரி விழுந்ததால்தான், கடைசியில் அரசு அடுத்த உயர்வைக் கைவிட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008இல் வரியைப் போட்டபோது வருமான வரியைக் குறைத்தார்கள், வருமானம் குறைந்தவர்களுக்குக் காசும் கொடுத்தார்கள்.

நம் இலங்கையிலும் 2019இல் காபன் வரி இருந்ததே, ஞாபகமா? அது எரிபொருளுக்கு அல்ல, வாகனத்தின் எஞ்சின் அளவையும் வயதையும் பார்த்து வருடத்துக்கு ஒருமுறை போட்டது. வீட்டில் நிற்கிற காருக்கும் நாள் முழுக்க ஓடுகிற காருக்கும் ஒரே கணக்கு, அப்புறம் எப்படிப் புகை குறையும்? ஆட்சி மாறியதும் எடுத்துவிட்டார்கள்.

மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் ஒரு காலோடு தொங்குகிறவர்களைப் பாருங்கள். வரிக் காசு முதலில் அந்த பஸ்ஸுக்குப் போகட்டும், உங்களைப் போன்றவர்கள் மின்சார முச்சக்கர வண்டிக்கு மாற வட்டியில்லாக் கடனாகவும் வரட்டும். அதை எழுத்தில் தராமல் வரியை மட்டும் கேட்டால் நானும் எதிர்ப்பேன்.