நானோ சீரம் ரத்தத்தில் கலந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. வெயிலில் நின்று நின்று கன்னங்களில் மங்கு படர்ந்துவிட்டது. நானோ வைட்டமின் சி சீரமும் நானோ துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீனும் பூசுகிறேன். இந்த நுண்துகள்கள் ரத்தத்தில் கலந்துவிடும் என்று உடன் வேலை செய்பவர் பயமுறுத்துகிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்தாதீர்கள். சன்ஸ்கிரீன் இல்லாமல் மைதானத்தில் நின்றால் மங்கு இன்னும் கருத்துவிடும்; எனக்கு அதுதான் கவலை.

இரண்டு புட்டியிலும் ‘நானோ’ என்று இருந்தாலும் வேலை வேறு வேறு. சன்ஸ்கிரீனில் உள்ள துத்தநாகம் தோலுக்குள் போகவே கூடாது. மேலே தங்கிப் புறஊதாக் கதிரைத் தடுக்க வேண்டும். முகத்தில் திருநீறு பூசியதுபோல் வெள்ளையாகத் தெரியக் கூடாது என்பதற்காகவே துகளை அவ்வளவு சிறிதாக்குகிறார்கள். தோலின் இறந்த மேலடுக்கு 0.02 மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லியதுதான். ஆனாலும் காயமில்லாத தோலில் இந்தத் துகள்கள் அதைத் தாண்டி உயிருள்ள செல்களை எட்டுவதில்லை. கரைந்து உள்ளே போகும் துத்தநாகம் மிகச் சொற்பம். தினமும் சாப்பாட்டில் அதைவிடப் பல மடங்கு கிடைக்கிறது. புண் உள்ள இடத்தில் மட்டும் பூச வேண்டாம். மூச்சில் போகும் என்பதால் முகத்துக்கு ஸ்பிரேயும் வேண்டாம்.

சீரத்தின் கதை வேறு. வைட்டமின் சி நீரில் கரைவது. மேலடுக்கின் இடுக்குகளை அடைத்திருக்கும் கொழுப்பு அதை எளிதில் உள்ளே விடாது. அதனால்தான் கொழுப்பாலான நுண்குமிழிக்குள், அதாவது லிப்போசோமுக்குள், அடைத்துத் தருகிறார்கள். 1986இலேயே இது முகப்பூச்சுகளில் வந்துவிட்டது. குமிழி பெரும்பாலும் முழுசாக உள்ளே போவதில்லை. தோலின் கொழுப்போடு கலந்து உடைய, உள்ளிருக்கும் வைட்டமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்குகிறது. நீங்கள் பயப்பட அதில் ஒன்றும் இல்லை.

கெட்டுப்போன சீரத்தைத்தான் கவனிக்க வேண்டும். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கடுங்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் வைட்டமின் சி ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிட்டது; தூக்கிப் போட்டுவிடுங்கள். குளியலறை ஜன்னலோரத்தில் வைத்தால் சீக்கிரமே அப்படி ஆகிவிடும்.

இன்னொன்று, உங்களுக்கு இதுதான் முக்கியம். மங்கைக் கருக்கவைப்பது புறஊதாக் கதிர் மட்டும் அல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான். வெள்ளை தெரியாத அளவுக்குப் பொடியான துத்தநாகம் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது. எனவே இரும்பு ஆக்ஸைடு கலந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீனுக்கு மாறுங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி எடுத்து முகத்திலும் கழுத்திலும் பூசுங்கள். மைதானத்தில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி பூச வேண்டும். மூன்று மாதத்தில் மங்கு மங்கவில்லை என்றால் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.