மைதானத்தில் வராத களைப்பு உள்ளரங்கில் வருவது ஏன்?

கேள்வி: எனக்கு 38 வயது. கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி உதகைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஞாயிறு காலை மைதானத்தில் ஒன்றரை மணி நேரம் வாலிபால் ஆடினாலும் தெம்பாக இருக்கிறேன். வேலை முடிந்து மாலையில் உள்ளரங்கில் முக்கால் மணி நேரம் ஷட்டில் ஆடினாலோ தலை கனத்து, மறுநாள் வரை அசதி நீடிக்கிறது. உயரம்தான் காரணமா, டாக்டர்?

பதில்: உயரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது இரண்டு இடங்களுக்கும் பொதுவானது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழக் கால் பங்கு குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறைகிறது. ஐந்து மாதங்களில் உடல் இதற்குப் பெரும்பாலும் பழகியிருக்கும் என்றாலும், கடும் ஆட்டத்தில் சமவெளியில் இருந்த முழுத் திறனை இங்கே எதிர்பார்க்க இயலாது. ஷட்டில் இடைவிடாத ஓட்டம் கொண்டது என்பதையும், நாள் முழுதும் உழைத்த பிறகு ஆடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி, அரங்கத்தின் காற்றில் இருக்கிறது. தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகவே வெளிப்படுகிறது. மைதானத்தில் அதை மலைக்காற்று உடனுக்குடன் கொண்டுபோய்விடும். அரங்கத்திலோ பந்து திசைமாறக் கூடாதென்றும், மாலைக் குளிருக்கு அஞ்சியும் கதவு சன்னல்களை அடைத்துவிடுகிறோம். பலர் மூச்சுவாங்கும் அந்த இடத்தில் ஈரப்பதம் ஏறி, வியர்வை ஆவியாகாமல் வழிந்தோட, உடலைக் குளிர்விப்பதற்காக இதயம் தசைகளோடு தோலுக்கும் கூடுதல் இரத்தத்தை அனுப்ப நேர்கிறது. தேங்கிய காற்று தலைக்கனத்தையும் கூட்டக்கூடும். இதைத் தங்கள் உடலின் பலவீனம் என்று எண்ணிச் சிலர் விளையாட்டையே விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உடல் சூடேறியதும் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கு இடையிலும் கதவுகளைத் திறந்து வையுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால், ஆடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள்: அரைக் கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் போயிருக்கிறது.

இரண்டு வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். மலையில் வாழ்பவருக்கு ஹீமோகுளோபின் சமவெளி அளவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். எனவே ஆய்வக அறிக்கையில் கீழ் எல்லையை ஒட்டி இருந்தால், ‘இயல்பு’ என்று எழுதியிருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், ஓய்வெடுத்தும் தணியாத மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும், ஆட்டத்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.