சூலூர்–சரவணம்பட்டி தினசரி ஓட்டம், நடுவே வால்பாறை: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: சூலூரில் வீடு, சரவணம்பட்டியில் வேலை. மாதம் இரண்டு தடவை கோபி பக்கம் தோட்டத்துக்கு, வருடத்தில் நாலைந்து முறை குடும்பத்தோடு வால்பாறை. 62 வயது அப்பாவும் ஓட்டுவார், இத்தனை வருடமும் மேனுவல்தான் அவருக்குப் பழக்கம். பெட்ரோல் கார், பட்ஜெட் 10 லட்சம். எதை எடுக்கலாம்?

பதில்:

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேனுங்க. உங்கள் ஓட்டத்துக்கு ஆட்டோமேட்டிக்தான். ஆனால் ஷோரூமில் ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பேரில் நாலு விதமான சாமான் விற்கிறார்கள். எந்த விதம் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

விலை குறைந்தது ஏ.எம்.டி. இந்தியாவில் 2014இல் மாருதி செலேரியோ காரோடு வந்தது. மாருதி அதற்கு ஏ.ஜி.எஸ். என்று பேர் வைத்திருக்கிறது. உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். கிளட்சை மிதிக்கும் காலுக்கும் கியர் மாற்றும் கைக்கும் பதிலாக கம்ப்யூட்டர் இயக்கும் ஆக்சுவேட்டர் ஒன்று அந்த வேலையைப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் மைலேஜ் மேனுவலுக்கு ஏறக்குறைய சமமாக வருகிறது. அதனாலேயே கியர் மாறும்போது முன்சீட்டில் இருப்பவர் தலை லேசாக ஆடுகிறது.

டார்க் கன்வெர்ட்டரில் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய்தான் சக்தியைக் கடத்துகிறது. புறப்படும்போது உரசித் தேய பிளேட் இல்லை. சி.வி.டி.யில் பல்சக்கர கியருக்குப் பதில் இரண்டு புல்லியும் ஒரு இரும்பு பெல்ட்டும். புறப்பாட்டுக்குப் பெரும்பாலும் அதிலும் டார்க் கன்வெர்ட்டர்தான். டி.சி.டி.யில் இரண்டு கிளட்ச், ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படைக்கு. கியர் மாறுவது கண் சிமிட்டும் நேரம்தான், ஓட்ட அலாதியாக இருக்கும். ஆனால் எண்ணெயில் நனையாத டிரை கிளட்ச் வகை, ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் சூடேறும். டேஷ்போர்டில் எச்சரிக்கை வந்தால் ஓரங்கட்டி, லீவரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு, என்ஜினை ஓடவிட்டு ஆறவிட வேண்டும். காலை எட்டரைக்கு காளப்பட்டி ரோட்டில் நின்று ஆறவைக்க யாருக்கு நேரம் இருக்கிறது? இந்த வகையை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி மலை. கியர்பாக்ஸின் யோக்கியதை தெரிவது அங்கேதான். ஆழியாறு தாண்டினால் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். உள்ளே ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. ஓடுகிறது. வளைவின் நடுவே மேலிருந்து பஸ் திரும்புகிறது. நீங்கள் ஏற்றத்தில் நிற்க வேண்டும்.

மேனுவலில் இங்கே பலர் செய்வது, பிரேக்கை விட்டுவிட்டு பாதி கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் என்று வண்டியைத் தொங்கவிட்டு நிற்பது. என்ஜின் 1,500 சுற்றில் சுழல்கிறது, சக்கரம் அசையவில்லை. நடுவில் இருக்கும் சக்தி முழுவதும் கிளட்ச் பிளேட்டில் சூடாக இறங்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் கருகிய நாற்றம் வந்துவிடும். சரியான முறை ஹேண்ட்பிரேக்கில் நிறுத்துவது. முதல் கியரில் போட்டு, கிளட்சை மெல்ல விட, என்ஜின் சத்தம் கனத்து பானெட் லேசாகத் தூக்கும். அந்த நொடியில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தி ஹேண்ட்பிரேக்கை இறக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இது கைவந்த வித்தையாகத்தான் இருக்கும்.

ஏ.எம்.டி.யில் சிக்கல் என்னவென்றால், அந்தக் கனத்தைக் காலில் உணர உங்களுக்கு வழியில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலரேட்டர் மிதிக்கும் இடைவெளியில் வண்டி பின்னால் உருளும், கிளட்ச் பிடிக்க ஒரு நொடி ஆகும். உருளாமல் இருக்க ஆக்சிலரேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால், மேனுவலில் நடந்த அதே கருகல் இங்கேயும் நடக்கிறது, காலுக்குத் தெரியாமல். ஹில் ஹோல்டு இருந்தால் பிரேக் விட்ட பின்பும் சுமார் இரண்டு நொடி வண்டி நிற்கும், அது போதும். அது இல்லாத வேரியண்ட்டில் ஏ.எம்.டி. எடுத்து வால்பாறை போவதாக இருந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஹேண்ட்பிரேக்தான்: இழுத்துப் பிடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்து, வண்டி முன்னே இழுப்பது தெரிந்த பிறகு இறக்க வேண்டும். டார்க் கன்வெர்ட்டரிலும் சி.வி.டி.யிலும் இந்தப் பாடு இல்லை. சரிவு ரொம்பச் செங்குத்தாக இல்லாதவரை பிரேக்கை விட்டாலே மெல்ல முன்னே நகரப் பார்க்கும்.

இறக்கத்துக்கு டிரைவர்கள் சொல்லும் பழைய கணக்கே கணக்கு: ஏறின கியரிலேயே இறங்கு. ஆட்டோமேட்டிக்கை 'டி'யிலேயே (டிரைவ்) விட்டால் அது மேல் கியருக்குப் போய்விடும். நீங்கள் பிரேக்கிலேயே வாழ வேண்டும். டிஸ்க் பழுத்து, பெடல் மிதித்தும் வண்டி நிற்காத நிலை வரும். ஏ.எம்.டி., டார்க் கன்வெர்ட்டர் என்றால் மேனுவல் மோடுக்கு மாற்றி 2இல் வையுங்கள். சி.வி.டி.யில் 'எல்' அல்லது 'எஸ்'. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது ஆபத்தும்கூட, நட்டமும்கூட: இப்போதைய இன்ஜெக்ஷன் என்ஜின், கியரில் ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இறங்கும்போது பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில்தான் ஐடிலுக்குக் குடிக்கிறது.

கோபி ரோடு மாதிரி இருவழிச் சாலையில் கரும்பு லாரியை ஓவர்டேக் செய்யும்போதும் ஏ.எம்.டி. யோசிக்கும். மிதித்த பிறகு கியர் இறங்க ஒரு நொடி. எதிரே வண்டி வரும் சாலையில் ஒரு நொடி பெரிது. வலது பக்கம் ஏறும் முன்பே மேனுவல் மோடில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து விஷயத்தில் மேனுவலுக்கு ஒரு சாதகம் உண்டு. பேட்டரி செத்தால் இரண்டு பேர் தள்ளி, இரண்டாவது கியரில் கிளட்ச் விட்டு ஸ்டார்ட் செய்துவிடலாம். ஆட்டோமேட்டிக்கில் அந்த வேலை நடக்காது. டிக்கியில் ஜம்பர் கேபிள் ஒரு செட் போட்டு வையுங்கள். கிளட்ச் போனாலும் பக்கத்து ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார், சின்னப் பெட்ரோல் காருக்குக் கூலியோடு 8,000 முதல் 12,000 வரை ஆகும். ஏ.எம்.டி.யில் புது பிளேட் போட்ட பிறகு ஸ்கேனர் மாட்டி கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பினால் வண்டி வெட்டி வெட்டித்தான் போகும்.

தோட்டத்துக்குப் போகும் இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் குறுகிய பாதை) ரிவர்ஸ் எடுப்பதும் எதிரே டிராக்டர் வந்தால் அங்குலம் அங்குலமாக ஒதுங்குவதும் டார்க் கன்வெர்ட்டரில், சி.வி.டி.யில் மிக சுலபம். பிரேக்கை மட்டும் வைத்தே நகர்த்தலாம். ஒன்றைக் கவனியுங்கள். வழியில் நின்றுவிட்டால், இந்த இரண்டு வகையையும் முன்சக்கரம் தரையில் உருள கயிறு கட்டி இழுக்கக் கூடாது. என்ஜின் நின்றால் உள்ளே எண்ணெய் பம்ப்பும் நின்றுவிடும். எண்ணெய் போகாமல் சுழன்றால் கியர்பாக்ஸ் காலி. முன்சக்கரத்தைத் தூக்கி, இல்லையென்றால் முழு வண்டியையும் ஏற்றிப் போகிற ரெக்கவரி வண்டிதான் கூப்பிட வேண்டும்.

காசுக் கணக்கு. மேனுவலை விட ஏ.எம்.டி. சுமார் 50,000 கூட இருக்கும்; டார்க் கன்வெர்ட்டரும் சி.வி.டி.யும் லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ. பலர் பார்க்காமல் விடுவது சாலை வரி. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம், அதுவும் முழு விலைக்கும். 9.80 லட்சம் கார் என்றால் வரி 1,27,400. ஆட்டோமேட்டிக் வேரியண்ட் 10.40 லட்சம் என்றால் 1,87,200. 60,000 வித்தியாசம் என்று நினைத்தது 1,19,800 ஆகிவிட்டது. அதனால் 10 லட்சத்துக்கு உள்ளே நிற்கும் சி.வி.டி. வேரியண்ட்டை முதலில் தேடுங்கள். ஹோண்டா அமேஸ், நிசான் மேக்னைட் டர்போ இரண்டிலும் சி.வி.டி. உண்டு. சன்ரூஃப், பெரிய ஸ்கிரீன் எல்லாம் போகட்டும், கியர்பாக்ஸை விடாதீர்கள். அதுவும் எட்டாவிட்டால் ஹில் ஹோல்டு உள்ள ஏ.எம்.டி. எடுங்கள். சி.வி.டி. எடுத்தால், ஆழ மிதித்ததும் சத்தம் முதலில் ஏறி வேகம் பின்னால் வரும். அது கோளாறு இல்லை, அதன் சுபாவம். அதற்கென்ற எண்ணெயை 40,000 கி.மீ. அளவில், கையேட்டில் போட்டபடி மாற்றுங்கள். வேறு எண்ணெய் ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

டெஸ்ட் டிரைவுக்கு அவிநாசி ரோட்டில் நேராக ஒரு சுற்று போய்வந்தால் ஒன்றும் தெரியாது. வீட்டிலிருந்து நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு மால் பேஸ்மெண்ட் ஏற்றத்துக்குக் கொண்டு போகச் சொல்லுங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பின்னால் வண்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு பிரேக்கை விடுங்கள். எவ்வளவு உருள்கிறது, எத்தனை நொடியில் முன்னே இழுக்கிறது என்று பார்த்தால் போதும்.

அப்பா விஷயத்துக்குத்தான் அதிக கவனம் வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் இடது கால் தானாகக் கிளட்சைத் தேடும். அங்கே அகலமான பிரேக் பெடல் இருக்கும். கிளட்ச் மிதிக்கும் வேகத்தில் அதை மிதித்தால் வண்டி நடுரோட்டில் குத்திட்டு நிற்கும், பின்னால் வருபவர் வந்து முட்டுவார். முதல் பத்து நாள் காலியான மைதானத்தில், இடது காலை சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்து ஓட்டச் சொல்லுங்கள். பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டுக்கும் வலது கால் மட்டும், குதிகால் பிரேக்குக்கு நேராகத் தரையில். ஷெட்டுக்குள் விடும்போது ஆக்சிலரேட்டர் பக்கமே கால் போக வேண்டாம். வண்டி தானாக நகரும் வேகமே போதும். 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு, சக்கரம் முழுக்க நின்ற பிறகுதான். நிறுத்தும்போது சி.வி.டி. என்றால் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு 'பி'. பெரும்பாலான ஏ.எம்.டி.யில் 'பி' கிடையாது. சரிவில் கியரில் விட்டு என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.