தாவர நாரும் ரெசினும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

தேங்காய் நார், சணல், வாழை நார் கலந்த ரெசின் (இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்) பலகைகளின் வலிமை, வெப்பத் தாங்குதிறன் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன். பாலியஸ்டர் ரெசினில் 10 சதவீதம் தேங்காய் நாரை வெட்டிப் போட்டேன். இழுவிசைச் சோதனையில் வெறும் ரெசினைவிடக் குறைவாக வருகிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: தம்பி, தப்பு உங்கள் கையில் இல்லை, நாரின் இயல்பே அப்படி. பாலியஸ்டரின் விறைப்பு 3 முதல் 4 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). தேங்காய் நாருக்கு 4 முதல் 6. இரண்டும் ஏறத்தாழ ஒன்று என்பதால் ரெசின் தன் சுமையை நாரிடம் ஒப்படைப்பதில்லை. ரெசின் 2 சதவீதம் நீள்வதற்குள்ளேயே விரிசல் விடும். தேங்காய் நாரோ 15 சதவீதத்துக்கு மேலும் நீளக்கூடியது. பலகை உடையும் நேரத்தில் நார் தன் முழுப் பலத்தையும் காட்டியிருக்காது. அதோடு, தாறுமாறாகக் கிடக்கும் குட்டை நாரின் ஒவ்வொரு முனையும் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி.

தேங்காய் நார் ஏன் அவ்வளவு நீள்கிறது? உள்ளே இருக்கும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஸ்பிரிங்போலச் சுற்றியிருக்கின்றன; நாரின் அச்சிலிருந்து 30 டிகிரிக்கு மேல் சாய்வு. சணலில் அந்தச் சாய்வு 10 டிகிரிக்கும் குறைவு, அதனால் விறைப்பு அதிகம், நீட்சி குறைவு. இழுவிசை வேண்டுமென்றால் சணலையோ வாழை நாரையோ நீளவாக்கில் அடுக்குங்கள். தேங்காய் நாரை மோதல் சோதனையில் போட்டுப் பாருங்கள், அதன் நீட்சி அங்கேதான் உதவும். குறைந்து வந்த எண்ணையும் அறிக்கையில் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: டிஜிஏ (சூடேற்றிக்கொண்டே எடையை அளக்கும் சோதனை) வரைபடத்தில் 100 டிகிரிக்குள்ளேயே எடை குறைகிறது. நார் சிதைகிறதா?

பதில்: இல்லை, அது ஈரம். சாதாரணக் காற்றிலேயே நார் சுமார் 10 சதவீதம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். நார் ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் ஆகிய பொருட்களால் ஆனது. உண்மையான சிதைவு 220 டிகிரிவாக்கில் ஹெமிசெல்லுலோஸில் தொடங்கும். செல்லுலோஸ் 315க்கு மேல். லிக்னின் நிதானமாக, நெடுந்தூரம் சிதைந்துகொண்டே போகும்.

கேள்வி: அப்படியானால் என் எபாக்சி (இன்னொரு வகை ரெசின்) பலகை 200 டிகிரி தாங்கும் என்று எழுதலாமா அக்கா? (சார் என்றால் மன்னிக்கவும்.)

பதில்: சார்தான், பரவாயில்லை. ஆனால் அப்படி மட்டும் எழுதாதீர்கள். இந்தத் தவறை ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிறேன், வருத்தமாக இருக்கிறது. டிஜிஏ சொல்வது எடை எப்போது போகிறது என்பதை மட்டும். அறை வெப்பத்தில் இறுகவிட்ட எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். அங்கே உங்கள் பலகை எடை குறையாமலே தொய்ந்துபோகும். ஓவனில் வைத்துப் பின்னிறுக்கம் செய்யுங்கள் (இறுகிய பலகையைச் சூடாக்கி மேலும் இறுகவிடுவது), பிறகு டிஎம்ஏ (சூடேற ஏற விறைப்பு எப்படி மாறுகிறது என்று அளக்கும் சோதனை) எடுத்து அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: நாரை ஊறவைக்கக் காஸ்டிக் சோடா எவ்வளவு போட வேண்டும்?

பதில்: 5 சதவீதக் கரைசல், சில மணி நேரம் போதும். மெழுகும் ஹெமிசெல்லுலோஸும் போய், நாரின் மேற்பரப்பு சொரசொரப்பாகி ரெசினைப் பிடித்துக்கொள்ளும். அளவு கூடினால் செல்லுலோஸே அரிபடும். அலசிய தண்ணீரில் சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறாத நிலை வரும்வரை அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கேள்வி: பைபர் படகு செய்கிறோம் ஐயா. கண்ணாடி மேட்டுக்கு (கண்ணாடி இழை விரிப்புக்கு) பதில் சணல் போட்டால் எடை குறையுமா?

பதில்: கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம், சணலுக்கு 1.4 அளவு. கணக்குப்படி எடை குறையும்தான். ஆனால் சணல் ரெசினை அதிகம் குடிக்கும். வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் ஏறி நார் ஊதும், ரெசினோடு உள்ள பிடிப்பு விடும். கடலில் ஆள் உயிர் இருக்கிறது, அடிப்பகுதிக்கு வேண்டாம். உள்பெட்டி மூடி, இருக்கைப் பலகை போன்றவற்றில் செய்து பாருங்கள். நாரை 80 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்தி, சூடு ஆறியதும் தாமதிக்காமல் ரெசின் ஊற்றுங்கள். விளிம்பு முழுவதும் ஜெல்கோட் (பாதுகாப்பு மேல்பூச்சு ரெசின்) பூசுங்கள்.